முப்பது அங்குலம்

கோரிலிருந்து டனீடினுக்கு
இரண்டு மணி நேரம்.
வண்டியை நான் ஓட்டினேன்.
பின்னிருக்கையில்
சீட் பெல்ட் போட்ட மாமனார் மாதிரி
விறைத்துக் கிடந்தது
மோராக்கின் பழைய பேஸ் கிட்டார்.

தந்தி அதிரும் தூரம் மட்டும்
முப்பத்து நான்கு அங்குலம்.
முதல் ஃப்ரெட்டில் சுட்டுவிரலை ஊன்றினால்
நான்காவதில் சுண்டுவிரல் விழ வேண்டும்.
அவளுக்கு விழாது.
மணிக்கட்டை மடக்கி, தோளை இறக்கி,
பல்லைக் கடித்து
மூன்று வருஷம் பார்த்துவிட்டாள்.
'கை பழகிவிடும்' என்றான் ராஸ்.
வாழைச் சீப்பு போல விரல்கள் அவனுக்கு.
வேறென்ன சொல்வான்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்.
விரலுக்குத் தகுந்த மரம் என்று
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதே கையைத்தான்
ஆகஸ்டு கடைசியில் ஊரே தேடும்.
'மோராக், உன் கை வேணும்'
என்று நடுராத்திரியில் போன் வரும்.
'நீ வா' என்று ஒருவரும் கேட்பதில்லை.
ஆறடி ஆண்கள் டார்ச் பிடித்து நிற்க
சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி
ஆட்டுக்குள் போவாள்.
இரட்டைக் குட்டிகள் சிக்கிக் கிடக்கும் இருட்டில்
இந்தக் கால் யாருடையது
அந்தத் தலை யாருடையது என்று
கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள்.
அவர்கள் கை அங்கே நுழையாது.

கடைப் பையன் பெயர் அலிஸ்டர்.
யூகலேலிகளுக்குக் கீழே
குழந்தைகளுக்கு எட்டும் ஆணியிலிருந்து
ஒன்றை எடுத்தான்.
ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை.
முப்பது அங்குலம்.
'பெரும்பாலும் பிள்ளைகள்தான்...' என்று தொடங்கி
அவள் முகத்தைப் பார்த்து
மீதியை விழுங்கினான்.
பிறகு உண்மையெல்லாம் சொன்னான்:
அடித் தந்தி கொஞ்சம் தொளதொளவென்றிருக்கும்,
தடித்த தந்தி மாட்டுங்கள்.
சத்தம் கூர்மையாக வராது, உருண்டு வரும்.
உடம்பு சின்னது, அதனால் தலைக்கனம்.
கையை விட்டால் கழுத்து கீழே சாயும்,
அகலத் தோல்வார் வாங்கிக்கொள்ளுங்கள்.
'தலைக்கனத்தோடு நான் ஏற்கெனவே
ஒரு பேண்டில் இருக்கேன்' என்றாள்.

ஓர் ஆம்ப் மேல் உட்கார்ந்தாள்.
கால் தரையைத் தொடவில்லை.
கண்ணை மூடினாள்.
கொட்டகையில் மூடுவாளே, அப்படி.
பிறகு வாசித்தாள்.

எங்கள் மூன்றாவது பாட்டில்
ஓர் இடம் உண்டு.
மூன்று வருஷமாக அங்கே நின்றுவிடுவாள்.
நான் சிம்பலைப் போட்டு மூடுவேன்.
மறதி என்று நினைத்திருந்தேன்.
நல்லவனாக நடந்துகொள்கிறேன் என்றும்.

மறதி இல்லை.
தூரம்.

சுண்டுவிரல் நான்காவது ஃப்ரெட்டில்
மழையில் நனைந்த பூனை
அடுப்போரம் வந்து அமர்வது போல
அமர்ந்தது.
நான் கடையின் மறுகோடிக்குப் போய்
விலை அட்டைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிறத்துக்காக
நாற்பது டாலர் குறைக்கச் சொல்லி, குறைத்தாள்.

திரும்பும் வழியில் போன்.
டூகலின் பண்ணை. குட்டி குறுக்கே.
சேற்றுத் தடத்தில் வண்டியைத் திருப்பினேன்.
அரை மணி கழித்து
அயோடின் வாடையோடு வந்து ஏறினாள்.
'ஒண்ணு பிழைச்சுது' என்றாள்.
இன்னொன்றைப் பற்றி நான் கேட்கவில்லை.
வின்டன் சாலை வரும்வரை பேசவே இல்லை.
பிறகு பின்னால் சாய்ந்து பெட்டியைத் திறந்து
விறைத்த விரல்களை
ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஒத்திகை.
மூன்றாவது பாட்டு.
அந்த இடம் வந்தது.
பழக்கத்தில் என் கை உயர்ந்தது,
குச்சி பாதிக் காற்றில் நின்றது.
அதன் கீழே அவள் நடந்து போனாள்,
ஒவ்வொரு சுரமாக, அவசரமே இல்லாமல்.

ராஸ் திரும்பினான்:
'என்ன, ராப்பகலா பிராக்டிஸா?'

'நாலு அங்குலம்' என்றாள்.